மாத்திரைக் கவரில் ஒரு உபயம்

எனக்கு இதுவரை பதினோரு முறை மாரடைப்பு வந்திருக்கிறது. அவற்றில் பத்து வாயுத் தொல்லை என்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பதினோராவது, சட்டைப்பையில் இருந்த செல்போன் அதிர்ந்தது.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதன் ஐம்பது வயதுக்குள் இத்தனை முறை செத்துப் பிழைப்பது சாதாரண விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள். என் மனைவிக்கு எல்லாம் பழகிவிட்டது. நான் நெஞ்சைப் பிடித்தால், “இன்னைக்கு எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்பாள். இடது பக்கம் என்றால் சீரகத் தண்ணீர், வலது பக்கம் என்றால் தைலம். ஆட்டோ பிடிக்கும் அளவுக்குப் போனது இரண்டு தடவைதான். அதில் ஒன்று, நான்கு பொரிச்ச பரோட்டாவை ஒரே மூச்சில் தின்ற நாள்.

காரணம் செல்போன். அதில் ‘தலைசுற்றல்’ என்று தேடினால் மூன்றாவது வரியில் மூளையில் கட்டி வந்துவிடும். ஐந்தாவது வரியில் எனக்கு அது இருப்பதும் உறுதியாகிவிடும். உலகத்தில் உள்ள அத்தனை நோய்களும் என் உள்ளங்கையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. ஒன்றைக்கூட நான் ஒழுங்காகப் படித்ததில்லை. பயப்படத் தேவையான அளவுக்கு மட்டும் படித்து மூடிவிடுவேன்.

பிழைப்புக்கு, பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் டி.டி.பி., ஜெராக்ஸ், ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் மெஷின் மனைவியின் பொறுப்பு. காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் பொறுப்பு. கண்ணீர் அஞ்சலிக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவரிடம், “என்ன செஞ்சிச்சு?” என்று கேட்காமல் விடமாட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் அது எனக்கும் வந்துவிடும்.

இப்படிப்பட்டவனிடம்தான், இரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாசி மாதம், நர்ஸம்மா வந்தார். உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பகுதிக்கு வாராவாரம் போகிற சுகாதாரச் செவிலியர். அந்தப் பகுதி முழுக்க அவருக்கு நர்ஸம்மா என்றே பெயர்.

அவர் கொண்டு வந்தது ஒரு சிக்கல். அங்கே சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருக்கிற பெண்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரியில் மாத்திரையைச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் இரண்டு கோடு கிழித்துக் கொடுக்கிறார்கள். மாத்திரை எல்லாமே வெள்ளை. அளத்துக்குப் போகிற பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்து ஓடாது. எதை எப்போது போடுவது என்று தெரியாமல், காய்ச்சல் மாத்திரை மாதிரி, கிறக்கம் வந்தால் போடுவதும் வராவிட்டால் விடுவதுமாக இருந்தார்கள்.

நர்ஸம்மா தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். சூரியன், நிலா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தட்டு, எங்கள் பேச்சில் வட்டில், அது நிறையச் சோறு, அதற்குப் பக்கத்தில் மாத்திரை.

“உலகத்துல எங்கெல்லாம் படிக்கத் தெரியாத ஏழை சனங்க இருக்காங்களோ, அங்கெல்லாம் இப்படித்தான் படம் போட்டுக் குடுக்காங்களாம் அண்ணாச்சி. நமக்கு ஒரு ரெண்டாயிரம் கவர் அடிச்சுத் தர முடியுமா?”

“துட்டே வேண்டாம் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் என் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் சுற்றுவது எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊரில் சும்மா கொடுப்பதில் ஒரு முறை உண்டு. கொடுத்தவர் பேர் இல்லாவிட்டால் அது கொடுத்ததாகாது. சுவர்க்கடிகாரம், நாற்காலி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் ‘உபயம்’ என்று எழுதிப் பேர் இருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு, சுற்றினால் படிக்க முடியவில்லையே என்று கொடை நாள் முழுக்க அதை நிறுத்தி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். நான் அடிக்கிற எந்தக் காகிதமும் கீழே என் கடைப் பேரும் செல்போன் நம்பரும் இல்லாமல் வெளியே போனதில்லை. ஆனால் மாத்திரைக் கவரோ உள்ளங்கை அகலம். சூரியன், நிலா, மாத்திரை, வட்டில் எல்லாவற்றையும் போட்ட பிறகு உபயத்துக்கு இடம் இல்லை.

திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சூரியன் அழகாக வந்திருந்தது. நிலா அதைவிட அழகு. வட்டில் மட்டும் ஊசிப்போன உளுந்தவடை மாதிரி எனக்குத் தோன்றியது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கச்சிதமாக, தடித்த எழுத்தில், ‘உபயம்’ உட்கார்ந்தது.

கவரை வாங்க வந்த நர்ஸம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வட்டில எங்க அண்ணாச்சி?”

“சாப்பிடாம யாராவது மாத்திரை போடுவாங்களா சிஸ்டர்? அதெல்லாம் நம்ம சனங்களுக்குத் தெரியும்.”

அவருக்கு அன்று நான்கு தெரு போக வேண்டியிருந்தது. “சரி, நான் வாயால சொல்லிக்கிடுதேன்” என்று வாங்கிப் போனார். சொல்லவும் செய்தார். வந்து வாங்கிய அத்தனை பேரிடமும் சொன்னார். ஆனால் அளத்தை விட்டு வர முடியாத பெண்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரிகள் வாங்கிப் போனார்கள். அவர்களிடம் சொன்ன சொல் வழியிலேயே நின்றுவிட்டது. கவர் மட்டும் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, எட்டு மணி இருக்கும், கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலியைச் செய்துகொண்டிருந்தேன். போன் வந்தது. ஒரு பெண் குரல், பின்னால் நாலைந்து பெண்களின் கூச்சல்.

“ஏ அண்ணாச்சி, மாத்திரக் கவர்ல போட்டிருக்க நம்பரா?”

“ஆமா, சொல்லுங்க.” குரலில் ஒளிவட்டம் இருந்தது.

“உங்க மாத்திரையப் போட்டு இங்கன ஒருத்தி அளத்துல விழுந்து கெடக்கா.”

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? “ராங் நம்பர்” என்றேன். போனை வைத்தும்விட்டேன்.

அடுத்த ஒரு நிமிஷம் நான் செய்த காரியங்கள் வரலாற்றில் பதிய வேண்டியவை. கம்ப்யூட்டரில் அந்தக் கவர் ஃபைலைத் தேடி அழித்தேன். அழித்ததைப் போட்ட குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பிறகுதான், என் பேரும் நம்பரும் போட்ட இரண்டாயிரம் கவர்கள் ஊருக்குள் கூரை ஓலை இடுக்குகளிலும் முந்தானை முடிச்சுகளிலும் இருப்பது உறைத்தது. மாட்டிக்கொள்ள விரும்புகிற திருடன்கூட இவ்வளவு தெளிவாக விலாசம் வைத்துவிட்டுப் போகமாட்டான். திரையில் அஞ்சலி போஸ்டரில் செத்தவர் படத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. என் முகம் அதில் சரியாகப் பொருந்தும் என்று தோன்றியது.

“யாரு போன்ல?” என்றாள் மனைவி.

“ராங் நம்பர்.”

“ராங் நம்பருக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?”

சொன்னேன். அவள் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினாள். “மொதல்ல நர்ஸம்மாவுக்குப் போடுங்க.”

“எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியா…”

“அது அப்புறமா வலிக்கட்டும்.”

நர்ஸம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். “சர்க்கரை கொறைஞ்சிருக்கும். நினைவு இருக்கான்னு கேளுங்க, முழுங்க முடியுமான்னு கேளுங்க. முடியும்னா உடனே சீனியோ கருப்பட்டியோ எதாவது இனிப்புக் குடுக்கச் சொல்லுங்க. நினைவு இல்லேன்னா வாயில ஒண்ணும் வைக்கப்படாது. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லுதேன்.”

ராங் நம்பர் என்று சொன்ன நம்பருக்கே திரும்பக் கூப்பிட்டேன்.

“முழிச்சிருக்காளா?”

“கண்ணு தொறந்துதான் இருக்கு. வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. ஏதோ ஒளறுதா.”

“தண்ணி குடுத்தா முழுங்குவாளா?”

“இப்பத்தான் ஒரு மடக்குக் குடிச்சா.”

“அப்ப உடனே இனிப்புக் குடுங்க. சீனி, கருப்பட்டி, எது இருந்தாலும்.”

 “என்ன அண்ணாச்சி, வெளையாடுதீயளா? அவ சுகர்காரி. சுகர்காரிக்கு இனிப்பா? மாத்திரையக் குடுத்துப் பாதி கொன்னீய, மீதிக்கு இதுவா?”

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. சர்க்கரைக்காரர் இனிப்பைத் தொடக் கூடாது என்பதுதான் அத்தனை முகாம்களிலும், அத்தனை சுவர்களிலும், அவர்கள் காதில் விழுந்த ஒரே விஷயம். அதை அவர்கள் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். யாரோ ஒரு கடைக்காரன் போனில் வந்து அதைத் தலைகீழாகச் சொல்கிறான். அதுவும் கொஞ்சம் முன்பு ராங் நம்பர் என்று சொன்னவன். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பின்னால் ஒரு பெண், “பேச்சு நிக்குதுளா அவளுக்கு” என்று கத்தியது கேட்டது.

“இந்தா பாரும்மா” என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியாமல் கீச்சென்று வந்தது. “கவர்ல என் பேரு இருக்கு, நம்பர் இருக்கு, கடை எந்தத் தெருன்னும் இருக்கு. தப்பா எதாவது ஆச்சுன்னா அத்தனை பேரும் வந்து என்னைப் புடிங்க. நான் எங்கயும் ஓட மாட்டேன். இப்பக் குடுங்க.”

நான் எங்கும் ஓடமாட்டேன் என்று சொன்னது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்து, “ஏளா, காப்பிக்கு வச்சிருந்த கருப்பட்டிய எடு” என்று கூப்பிட்டாள். இணைப்பைத் துண்டிக்கவில்லை. கருப்பட்டியைக் கல்லால் உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெகு நேரம், பத்து நிமிஷம் இருக்கும், கூச்சலும் கடல்காற்றும். பிறகு யாரோ சிரித்தார்கள். “கண்ணத் தொறந்து நல்லாப் பாக்குதா, அண்ணாச்சி. ‘ஏன் என் மேலெல்லாம் தண்ணி ஊத்தினீய’ன்னு ஏசுதா.”

நான் உட்கார்ந்தேன். உட்காரும் இடத்தில் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இல்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனபோது நர்ஸம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக் குவியலின் நிழலில், ஓலைக் கட்டின் மேல் சாய்ந்து, விழுந்து கிடந்த அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். நர்ஸம்மா அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். வலது பாதத்தில், விரல்களுக்குக் கீழே, ஒரு புண். உப்புத் தண்ணீர் அரித்து, ஓரம் வெளுத்து, உள்ளே குழிந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“எதும்மா?” என்றார் அந்த அக்கா. அவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. உப்புத் தண்ணீர் பட்டும் வலிக்காத புண், சர்க்கரையில் மரத்துப்போன பாதம். நர்ஸம்மாவின் முகம் மாறிப்போனதை அப்போது பார்த்தேன். நான் நெஞ்சைப் பிடிக்கும்போதெல்லாம் யார் முகமும் அப்படி மாறியதில்லை.

மறுநாள் நர்ஸம்மாவே அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார், மாத்திரையின் அளவைக் குறைத்தார். அத்தோடு என் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து நர்ஸம்மா கடைக்கு வந்து நின்றார்.

“அந்த அக்கா மாத்திரையத் தொடவே மாட்டேங்கா அண்ணாச்சி. புண்ணு ஆறாம நிக்குது. இப்படியே விட்டா காலு போயிரும். நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நீங்க வாங்க.”

“நான் எதுக்கு சிஸ்டர்?”

“இன்னும் அவ ‘அந்த அண்ணாச்சி மாத்திர’ன்னுதான சொல்லுதா.”

சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். அந்த நேரத்தில் அவர் சோறு தின்றுகொண்டிருந்தார். வட்டில் நிறையச் சோறும் சாளை மீன் குழம்பும். “இது மதியச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“சாப்பாடுதான்” என்றார். “ஒரு நேரந்தான நல்லாத் திங்கது. தின்னுட்டு ஏழு மணிக்குப் படுத்துருவேன். ரெண்டரைக்கு எந்திரிச்சாத்தான் மூணு மணிக்கு அளத்து வண்டியப் புடிக்க முடியும்.”

நர்ஸம்மா நிமிர்ந்தார். “அப்ப நிலாப் படம் போட்ட மாத்திரைய எப்பம் போட்டீய?”

“ரெண்டரைக்கு. ராத்திரி நான் முழிச்சிருக்கது அந்த ஒரு நேரந்தானம்மா.”

“சூரியன் போட்டத?”

“அளத்துல. அங்கன சூரியன் வந்த ஒடனே. முந்தியில முடிஞ்சு கொண்டுபோயிருவேன். ஒரு நாளும் தப்பவிட்டதில்ல.”

“ரெண்டுக்கும் நடுவுல என்ன சாப்பிட்டீய?”

“கடுங்காப்பி. கஞ்சி ஒம்போது மணிக்குத்தான்.”

கணக்கு எனக்கே புரிந்தது. நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு சர்க்கரை மாத்திரை, வெறும் வயிறு, இடுப்பொடிய உப்பு வாருகிற வேலை. நாங்கள் சொன்னதை அந்த அக்கா எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார். கவர் வாங்கிப் போன அத்தனை பேரிலும் அவரைப் போல ஒழுங்காகச் செய்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த ஒழுங்குதான் அவரைத் தள்ளிவிட்டது.

வாசலில் நின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, “நான் அமாவாசைக்கு ராத்திரி மாத்திரை போடுததே இல்ல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நர்ஸம்மா தன் நோட்டை எடுத்து அவள் பேரையும் எழுதிக்கொண்டார்.

இந்தச் சூரியனையும் நிலாவையும் முதன்முதலில் வரைந்தவர் யாரென்று தெரியாது. எந்தத் தேசமோ. நல்ல மனசோடுதான் வரைந்திருப்பார். ஆனால் அவர் காலையில் எழுந்து பலகாரம் தின்று, இரவு எட்டரைக்குச் சாப்பிட்டுப் படுக்கிறவராக இருந்திருக்க வேண்டும். உலகத்தில் எல்லா ஏழைகளுக்கும் தெரிந்த பொருள் என்று வானத்தைப் பார்த்தார். அது சரிதான், வானம் எல்லோருக்கும் பொது. சாப்பாட்டு நேரம் அப்படி இல்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் ஒரு வட்டிலை வரைந்து வைத்திருந்தார். அவருக்குத் தெரியாததை எல்லாம் அந்த வட்டில் சமாளித்திருக்கும். அதை எடுத்தவன் நான்.

சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் கட்டுப் போட்ட அந்தக் கால் என் எதிரே நீட்டிக்கொண்டிருந்தது.

“யக்கா, அந்தக் கவர்ல வட்டில்ல சோறு படம் ஒண்ணு இருந்துச்சு. சாப்பிட்ட பொறவு போடணும்னு அர்த்தம். என் கடைப் பேரு போட எடம் பத்தலைன்னு நான்தான் எடுத்துட்டேன்.”

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏச்சுக்குப் பதில் சொல்ல இரண்டு நகைச்சுவைகளும் தயாராக வைத்திருந்தேன். அவர் கையில் இருந்த சோற்றை வட்டிலில் வைத்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“உங்க பேரு எங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய அண்ணாச்சி?”



நர்ஸம்மா என்னிடம் பென்சிலையும் வெற்றுக் கவரையும் நீட்டினார். டாக்டர் சொன்னது, ஒரு மாத்திரை காலைச் சாப்பாட்டோடு, ஒன்று பெரிய சாப்பாட்டோடு. அந்த அக்கா சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். சூரியன் வேண்டாம் என்றார். கஞ்சி கொண்டுபோகிற தூக்குவாளி போதும். “மூடி தொறந்து இருக்க மாதிரிப் போடுங்க. மூடியிருந்தா நான் இன்னும் குடிக்கலைன்னு ஆயிருமே.” மூடியைத் திறந்தேன். சாயங்காலத்துக்கு வட்டிலில் சோறு, மேலே ஒரு மீன். “இது என்ன மீனு?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சாளை என்றேன். திமிங்கிலம் போல இருப்பதாகச் சொன்னாள். அழித்து வரைந்தேன்.

படம் சரியாக வந்துவிட்டது. ஆனால் மாத்திரையைப் போடுவதாக அந்த அக்கா இன்னும் சொல்லவில்லை. கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தது அவர்தானே. அந்தப் பயம் என்னைப் போலச் செல்போனில் தேடிப் படித்து வந்த பயம் இல்லை.

“அளத்துல வச்சுப் போடுதேன்” என்றார் கடைசியில். “நாளைக்கு ஒம்போது மணிக்கு ரெண்டு பேரும் வந்து நில்லுங்க. விழுந்தா நீங்கதான் தூக்கணும்.”

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புண் முழுசாக மூட ஐப்பசி மழை வரைக்கும் ஆனது. ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. பாதம் தப்பியது. இதை முழு வெற்றி என்று நர்ஸம்மா சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. இன்னும் ஒரு மாசம் முன்னால் பார்த்திருந்தால் அந்த விரலும் இருந்திருக்கும்.

ஆனால் மறுநாள் ஒன்பது மணிக்கு இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நானும் நர்ஸம்மாவும் அளத்தில் நின்றோம். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கங்காணியிடம் நர்ஸம்மா பேசி, அந்த அக்காவைப் பாத்தித் தண்ணீரில் இறக்காமல், குவியலுக்கு ஓலை மூடுகிற வேலையில் வைத்திருந்தார். அவர் தூக்குவாளியைத் திறந்தார். கஞ்சியைக் குடித்தார், துவையலை நக்கினார், அடியில் கிடந்த பருக்கையையும் விரலால் வழித்தார். கவரைப் பிரித்தார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

வேலையில் இருந்த பெண்கள் நாலைந்து பேர் கைவேலையை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் கருப்பட்டியோடு.  நர்ஸம்மா சர்க்கரை பார்க்கிற ஊசி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மணியைப் பார்ப்பதும் அந்த அக்காவின் நெற்றியைப் பார்ப்பதுமாக இருந்தேன். பத்து நிமிஷம். இருபது. எனக்குக் காதுக்குள் இரைந்தது, கை நடுங்கியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கருப்பட்டிக்காரி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “ஏளா, விழப் போறது அண்ணாச்சிதான் போல. இத அவருக்குக் குடுத்துருவமா?”

அந்த அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். அரை மணி ஆனதும் நர்ஸம்மா அவர் விரலில் குத்தி, டப்பாவைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார். அந்த அக்கா கவரை மடித்துத் தூக்குவாளிக்குள் வைத்து மூடினார். எழுந்து நின்று, காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டு, ஓலைக்கட்டைத் தலைக்குத் தூக்கினார்.

“எல்லாரும் என்ன வேடிக்கை? வெயில் ஏறுது, போங்களா” என்றார் பெண்களைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். “சாயங்கால மாத்திரைக்கு நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி. அத நானே போட்டுக்கிடுவேன்.”